பேசாத பிள்ளைக்காகப் பேசுவது யார்?

பச்சைக் குழந்தையை ஆபத்தான ஆபரேஷனுக்கு ஒப்புக்கொடுக்கப் பெற்றோருக்கு உரிமை உண்டா? வேண்டாமென்று மறுக்கத்தான் உரிமை உண்டா? எந்த வீட்டு வாசலிலும் வந்து நிற்கக்கூடிய இக்கேள்வியை, ஓர் அபூர்வமான பிறவிக் கோளாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

இருதயத்தினின்று புறப்படும் நுரையீரல் தமனி இரண்டாகக் கிளைத்து, இரு நுரையீரல்களுக்கும் இரத்தம் கொண்டு செல்வதே இயற்கை. மிகச் சில குழந்தைகளுக்குக் கருவிலேயே இவ்வமைப்பு பிறழ்ந்து விடுகிறது. இடக் கிளை, வலக் கிளையிலிருந்தே பிரிந்து, மூச்சுக் குழாய்க்கும் உணவுக் குழாய்க்கும் நடுவே புகுந்து, இடப்புறம் போய்ச் சேருகிறது. உயிர் காக்க வேண்டிய நாளமே மூச்சை இறுக்கும் கயிறாகிறது! பிள்ளை இரைக்கிறது, மார்பு குழிய மூச்சுக்குத் தவிக்கிறது.

1897-ல் ஜெர்மன் வைத்தியர் இருவர் இக்கோளாற்றை விவரித்தனர். பரிகாரம் கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. 1953-ல் சிக்காகோ நகரில் டாக்டர் வில்லிஸ் பாட்ஸ் என்பவர், ஐந்து மாதக் குழந்தை ஒன்றின் மார்பைத் திறந்து, அந்நாளத்தை அறுத்து, மூச்சுக் குழாய்க்கு முன்புறமாகக் கொண்டுவந்து மீண்டும் தைத்தார். குழந்தை பிழைத்தது.

அதுவரை எவரும் வெற்றி கண்டிராத வழி அது. அக்காலத்தில் ஒரு தகப்பன், "வேண்டாம், டாக்டர்" என்று சொல்லியிருந்தால் குற்றமாகுமா? ஆகாது. உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளும் கடமை நமக்கு உண்டு. தாங்கொணாப் பாரம் சுமத்தும் வழிகளுக்குக் கட்டாயமில்லை என்று 1957 நவம்பரில் 12-ம் பத்திநாதர் வைத்தியர்களுக்குத் தெளிவுபடுத்தினார். எது சாதாரண வழி என்பது ஆளையும் இடத்தையும் காலத்தையும் பொறுத்தது என்பதும் அவர் சொன்னதே.

ஆகவே, நேற்றைய விடை இன்றைக்கும் பொருந்துமென்று எண்ணலாகாது. இன்று இருதயத்தின் வேலையை இயந்திரம் ஏற்றிருக்க, நாளத்தை இடம் மாற்றித் தைக்கிறார்கள். மூச்சுக் குழாயே குறுகியிருந்தால் அதையும் அப்பொழுதே சீர் செய்கிறார்கள். ஆபத்து முற்றும் நீங்கவில்லை. எனினும், தேர்ந்த மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருக்க, வைத்தியரும் நம்பிக்கை சொல்ல, வெறும் பயத்தினால் மறுப்பது விவேகமாகாது. எட்டாத தூரத்தில் இருப்பவர்மேல் பழியும் இல்லை.

பிள்ளை நம் உடைமையன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட உயிர். அதற்காகப் பேசும் உரிமை, அதன் நன்மைக்காக மட்டுமே நமக்கு உண்டு. "இது பிள்ளைக்கு நல்லதா? இதன் நோவு அதற்குத் தாங்குமா? நான் பேசுவது அதன் நன்மைக்கா, என் பயத்துக்கா?" என்று மனச்சாட்சியைக் கேட்க வேண்டும்.

இப்படிக் கேட்டு, ஆலோசித்துத் துணிந்த பின்னும் பிள்ளை தவறிவிடலாம். அதனால் செய்த முடிவு தவறாகிவிடாது. அத்தாயிடம் போய், "கத்தி வைக்க விட்டிருக்க வேண்டாமே" என்று ஒருவரும் சொல்லாதிருப்பீர்களாக. அவள் தன் கடமையைச் செய்தவள். அருகில் அமர்ந்து ஆறுதல் சொல்வதே நம் கடமை.