உயிரிடம் கேட்பது

நம் குடலில் வாழும் ஈ.கோலை என்னும் நுண்ணுயிரிக்கு நம் வண்டிகளோடு எந்த உறவும் இல்லை. காற்றில்லாத இடத்தில் சர்க்கரையை உடைத்து அமிலங்களையும், வண்டிக்கு எரிபொருளாகக்கூடிய எத்தனாலைச் சிறிதும் கழிக்கும்; பிறகு இரண்டாய்ப் பிரிந்து பெருகும். அதற்குத் தெரிந்த அறம் அவ்வளவே. 1987-இல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் லோனி இங்கிராமின் குழு, கள்ளில் குடியிருக்கும் சைமோமோனாஸ் என்ற வேறொரு பாக்டீரியாவின் இரண்டு மரபணுக்களை ஈ.கோலைக்குள் பொருத்தியது. அமிலமாகப் போனதில் பெரும்பகுதி எத்தனாலாகத் திரும்பியது. சாதாரண ஈஸ்ட் தொடாத, கரும்புச் சக்கையின் சைலோஸ் சர்க்கரையும் எரிபொருளாயிற்று. 1991-இல் அமெரிக்காவின் 50 லட்சமாவது காப்புரிமை இந்தக் கண்டுபிடிப்புக்கே அமைந்தது.

ஆனால் நாம் கேட்டது சிறிய காணிக்கையா? நமக்காகச் செய்யும் ஒவ்வொரு நொதியும் அது தன் வளர்ச்சியிலிருந்து பிடித்துக் கொடுப்பது. செய்து முடித்த எத்தனாலோ அதன் சவ்வையே குலைக்கும் நஞ்சு. நொதித்தல் தொட்டியிலுள்ள கோடானுகோடி செல்களில் ஏதோ ஒன்று அந்த மரபணுக்களை இழக்கிறது. சுமை இறங்கியதும் விரைந்து பெருகுகிறது. சில தலைமுறைகளில், களை மண்டிய வயல்போலத் தொட்டி முழுவதும் அதன் வாரிசுகள். இதைத் துரோகம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. வாழ விழைவது உயிரின் இயல்பு.

இந்தச் சிக்கலுக்கு ஆய்வாளர்கள் கண்ட விடைதான் என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. சர்க்கரையை உடைக்கும்போது மிஞ்சும் எலக்ட்ரான்களை எங்காவது இறக்கிவைத்தால்தான் செல் அடுத்த கவளத்தை உண்ண முடியும். அமிலங்களுக்குப் போகும் வழிகளை அடைத்துவிட்டால், எஞ்சுவது எத்தனால் வழி ஒன்றே. இப்போது எத்தனால் செய்யாத செல் பட்டினி கிடக்கிறது. நன்றாகச் செய்வது பெருகுகிறது. நேற்றுவரை நம் திட்டத்தைக் குலைத்த பரிணாமமே இன்று அதற்குக் காவல்.

குடும்பத்திலும் அரசிலும் தொழிலிலும் பிறரிடம் எதையாவது எதிர்பார்த்தே வாழும் நாம், ஆணையாலும் கண்காணிப்பாலும் பெற்றவை ஏன் நிலைப்பதில்லை என்று வியக்கும்போது, கொடுப்பவரின் வாழ்வும் கொடுக்கும் செயலும் ஒரே வேரில் நிற்காதவரை எந்தக் கடமையும் உயிர் உதறக் காத்திருக்கும் சுமையே என்பதை இந்தக் கண்ணுக்குத் தெரியாத செல்லிடமிருந்து கற்க வேண்டியிருக்கிறது. மண்ணும் நமக்குக் கொடுப்பதே என்பதால், அதனோடு நமக்குள்ள உறவும் இதில் அடக்கம். நுண்ணுயிரி ஆற்றலைப் படைப்பதில்லை. கரும்பு வாங்கி வைத்த வெயிலைத்தான் உருமாற்றித் தருகிறது. அந்தக் கரும்புக்காகக் காட்டை அழித்தால், தொட்டிக்குள் எத்தனை நேர்த்தியாக வேலை நடந்தாலும், வெட்டுண்ட மரங்களிலிருந்தும் கிளறிய மண்ணிலிருந்தும் வெளியேறும் கரியமில வாயுவை ஈடுசெய்யப் பல பத்தாண்டு அறுவடைகள் வேண்டியிருக்கும்.