நகரின் பழைமைக்குக் காவலர் எவர்?

கொழும்பு மாநகரின் வடபாலமைந்த கொட்டாஞ்சேனைப் பகுதியிலே, ஒரு பிற்பகற் பொழுதுள் நடந்து கண்டு மீளக்கூடிய தூரத்தில், வொல்வெண்டால் தேவாலயமும் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலும் இருக்கின்றன. முன்னையது ஒல்லாந்தரால் 1749இல் தொடங்கப்பெற்று 1757இல் வழிபாட்டுக்குரியதாயிற்று. பின்னையது பொன்னம்பல முதலியாரால் 1857இல் அமைக்கப்பெற்றது. இடையிலுள்ளது நூறாண்டு. இந்நூறாண்டின் நடுவே சட்டம் ஒரு கோட்டினைக் கீறிச் சென்றிருக்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே தொல்பொருள் என வரையறுத்தது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டு இந்நாட்டின் இறுதி முடியரசு வீழ்ந்த நாள் அது.

சட்டம் இயற்றியோருக்கு அந்நாள் இயல்பானதோர் எல்லையாகத் தோன்றியிருத்தல் கூடும். அரசு முடிந்தது, ஆதலாற் பழைமையும் முடிந்தது என்பது அதன் உட்கிடை. ஆனால் கொட்டாஞ்சேனையில் நின்று நோக்குமிடத்து அக்கோடு வேறொரு பொருளைத் தருகின்றது. செட்டியார் தெருவின் கதிரேசன் கோயில்கள், ஜிந்துப்பிட்டியின் நாடகக் கொட்டகைகள், துறைமுகத்தை நம்பி வந்து குடியேறிய உழைப்பாளர் வாழ்ந்த நெருக்கமான தோட்டங்கள் என இன்றைய கொழும்புத் தமிழர் தம்முடையவை எனச் சுட்டுவனவற்றுட் பெரும்பாலானவை அக்கோட்டுக்கு இப்பாலேயே பிறந்தன. மன்னரின் முடிவோடு வரலாற்றை முடிப்பவர், மன்னரே இல்லாத ஒரு கூட்டத்தாரின் வரலாற்றை எங்ஙனம் தொடங்குவர்? நூறாண்டு கடந்த கட்டடங்களையும் பாதுகாக்கத்தக்கனவாக அறிவிப்பதற்குப் பிற்காலத்தில் வழிசெய்யப்பட்டமை உண்மையே. எனினும் கோட்டினை இடம்பெயர்த்து வைத்தமையால் வினா தீர்ந்துவிடவில்லை. பழைமையை அளக்கும் கோல் எவர் கையில் இருத்தல் வேண்டும் என்பதே அவ்வினா.

இவ்வினா வெறும் ஏட்டுவினா அன்று. கொழும்பின் கட்டடங்களையும் கலைகளையும் காக்கும் பொறுப்பு இன்று பல கைகளிற் பிரிந்து கிடக்கின்றது. 1890இல் தோன்றிய தொல்பொருளியற் திணைக்களத்துக்கு ஒரு பங்கு. 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த நகர அபிவிருத்தி அதிகார சபைக்கு ஒரு பங்கு. 1865இல் உருவான மாநகரசபைக்கு ஒரு பங்கு. இவற்றை ஒருங்கிணைத்து நகருக்கென ஒரு மரபுரிமை ஆணைக்குழு வேண்டும் என்பாரை நாம் அடிக்கடி சந்திக்கின்றோம். நியூயோர்க் நகரத்தார் தம் பென்சில்வேனியா புகையிரத நிலையத்தை 1963இல் இடிக்கத் தொடங்கிய பின்னரே விழித்துக்கொண்டு 1965இல் அத்தகையதோர் ஆணைக்குழுவை அமைத்தனர். தமிழ்நாட்டிலும் 2012இல் மரபுரிமை ஆணையத்துக்கென ஒரு சட்டம் நிறைவேறியது. ஏட்டிலிருந்து அது நடைமுறைக்கு இறங்கிவரப் பல்லாண்டு சென்றமை வேறு கதை. நாமும் ஒன்றை அமைப்போமாயின் அதன் அறம் யாது?

முதலில் எழுவது, அதன் ஆசனங்களில் அமர்பவர் எவர் என்பது. 2020ஆம் ஆண்டிற் கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் மரபுரிமையை முகாமை செய்வதற்கென ஒரு ஜனாதிபதி செயலணி நியமிக்கப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையினராக வாழும் அம்மாகாணத்துக்கு முதலில் நியமிக்கப்பெற்ற அங்கத்தவருள் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இருக்கவில்லை. அறிஞர்க்கு இனமில்லை என இதற்குச் சமாதானம் கூறுவாருளர். அறிவுக்கு இனமில்லாதிருக்கலாம், எதனைத் தேடுவது என்னும் விருப்பத்துக்கு உண்டு. தோண்டுமிடத்தைத் தெரிவு செய்தவனே கிடைக்கும் விடையிற் பாதியைத் தெரிவு செய்துவிடுகிறான். இதனை நீட்டி உரைக்க வேண்டியதில்லை. வாசகர் அனைவரும் அறிந்ததே.

நம்மவர்க்கு ஆசனம் கிடைத்துவிட்டதாகவே கொள்வோம். கோல் நம் கையில் வந்துவிட்டது. அப்போது நாம் நேரிய முடிவு செய்வோமா? என்னை உண்மையில் வருத்தும் வினா இதுவே. இதற்கு விடை காணக் கொச்சிக்கடைக்கே மீளவேண்டியுள்ளது.

இன்று கருங்கற் றூண்களோடு நாம் காணும் பொன்னம்பலவாணேசுவரர் கோயில், முதலியார் 1857இல் எழுப்பிய கட்டடம் அன்று. அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் தொடங்கி, தென்னிந்தியச் சிற்பிகளை வருவித்து, தந்தையார் கட்டியதை அகற்றி, அவ்விடத்திற் கற்கோயில் அமைத்து 1912இற் குடமுழுக்குச் செய்வித்தார். 1907இல் கொழும்பு மாநகருக்கு ஒரு மரபுரிமை ஆணைக்குழு இருந்திருக்குமாயின் என்ன நேர்ந்திருக்கும்? ஐம்பதாண்டுப் பழைமையும், நகரத் தமிழரின் முதல் தலைமுறைத் தலைவர் ஒருவரின் பெயரும் உடைய கட்டடம் அது. கடமை தவறாத ஆணைக்குழு அதனை இடிக்கலாகாது என இராமநாதனுக்குக் கட்டளை அனுப்பியிருக்கும். அனுப்பியிருந்தால், இன்று அதே ஆணைக்குழு தன் பட்டியலின் தலையில் வைத்துப் போற்றக்கூடிய கோயில் தோன்றியிராது.

இதிலே நயமானதொரு செய்தியும் உண்டு. இராமநாதனின் தாய்மாமன் மைந்தரான ஆனந்த குமாரசுவாமி அவ்வாண்டுகளில் எதிர்த்திசையிற் சென்றுகொண்டிருந்தார். 1905இல் அவர் கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு வெளிப்படையான மடல் வரைந்து, மலைநாட்டின் பழைய கட்டடக்கலை அழிந்துபோவதனையும், அதனைப் பேணும் பொறுப்பு அவர்களுடையதென்பதனையும் எடுத்துரைத்தார். சிங்களக் கைவினை பற்றிய அவரது பெருநூல் 1908இல் வெளிவந்தது. ஆங்கிலேய நாட்டில் வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அந்நூல் அச்சாயிற்று. பழைய கட்டடத்தைப் புதுப்பிப்பதாகக் கூறி அதன்மேற் கைவைத்தலே அதனை அழிப்பதாகும் என வாதிட்டு 1877இல் ஒரு சங்கமே நிறுவியவர் அந்த மொறிஸ். ஒரே குடும்பத்தின் ஒரு கிளை ‘தொடாதே’ என்றது. மற்றொரு கிளை ‘அகற்றிவிட்டு இன்னும் நன்றாகக் கட்டு’ என்றது. இருவரையும் நாம் மரபின் காவலர் என்றே அழைக்கின்றோம். இருவர்க்கும் சிலை வைக்கவும் தயங்கோம். அவ்விரு கூற்றும் ஒருங்கே மெய்யாதல் எங்ஙனம் என்று மாத்திரம் நாம் கேட்பதில்லை.

கல்லைக் காத்தல், கல்லில் உறைவதைக் காத்தல் எனக் காவல் இருவகைப்படும் என்றே நான் கருதுகிறேன். யப்பானியர் தம் இசே ஆலயத்தை இருபதாண்டுக்கொருமுறை புதிதாகக் கட்டிப் பழையதைக் கலைத்துவிடுகின்றனர். 2013இலும் அவ்வாறே செய்தனர். அங்கு ஒரு மரத்துண்டும் பழையதன்று. ஆயின் கட்டும் கை பழையது. நம் ஆகமவழியும் இதற்குத் தூரமானதன்று. திருப்பணி தொடங்குமுன் பாலஸ்தாபனம் செய்யப்படுகின்றது. மூலவரில் விளங்கும் ஆற்றலைச் சிறியதோர் ஆலயத்தில் எழுந்தருளச் செய்து, அங்கே நாட்பூசை தடையின்றி நிகழ, அதன் பின்னரே பழைய கட்டடத்தில் உளி படும். இடிக்காதே என்று அம்மரபு கூறவில்லை. உள்ளே இருப்பதை முதலில் ஓரிடத்தில் இருத்திவிட்டு இடி என்றே கூறுகின்றது. நகரத்தின் பழைமைக்கும் இதனினும் நுண்ணிய விதி ஒன்றை நான் அறியேன்.

2019 ஏப்பிரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று குண்டுவெடிப்பாற் சிதைவுற்ற கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலம், அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே சீர்செய்யப்பட்டு மீளத் திறக்கப்பட்டது. சமய வேறுபாடின்றி மக்கள் செவ்வாய்தோறும் வந்து நேர்த்தி வைக்கும் இடம் அது. சிதைவை அவ்வாறே வைத்து நினைவுச் சின்னமாக்கலாமே எனத் தொலைவிலிருந்து கூறுதல் எளிது. மெழுகுவர்த்தி ஏற்ற வருபவர்க்கு வேண்டியது திறந்த கதவு.

இவ்வாறு கூறுதல் அழிப்பவர்க்கு அனுமதிப் பத்திரம் ஆகிவிடாதா என்னும் ஆட்சேபம் வலிமையுடையது. திருப்பணி என்னும் பெயராற் கருங்கல்லின்மேல் எனாமல் வர்ணம் பூசுதலையும், பழந்தூண்களைச் சீமெந்தால் மூடுதலையும் நாம் நாடோறும் காண்கின்றோம். இவற்றைச் செய்வோரும் வழிபடுவோரே; உரிமையுடையோரே. ஆகவே உரியவர் செய்தாற் சரி என்னும் விதியும் போதாது. பாலஸ்தாபனத்தின் உட்பொருள் அங்கே மறக்கப்படுகின்றது. எதனை இடம்பெயர்க்கின்றோம் என்று அறியாமலே உளியை எடுத்துவிடுகின்றனர்.

நகரின் தென்பால், வெள்ளவத்தையில் இது இன்னும் கடினமாகின்றது. அங்கு நெடுங்காலம் இயங்கிய நூற்றல் நெசவு ஆலை மலையாளிகளும் தமிழரும் சிங்களவரும் ஒருங்கு உழைத்த இடம். 1933இல் அத்தொழிலாளர் செய்த வேலைநிறுத்தத்தில் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா முதலானோர் அவர் பக்கம் நின்றமை இந்நாட்டு இடதுசாரி இயக்கத்தின் தோற்றத்தோடு பிணைந்தது. அவ்வாலை நிலத்தில் இன்று வானளாவிய குடியிருப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. அங்கு எழுந்தருளச் செய்யப்பட்டது எது? ஆலைச் சங்கு ஒலித்த நேரத்தை நினைவில் வைத்திருக்கும் முதியவர் சிலர் ஒழுங்கைகளில் இன்னும் உளர், அவ்வளவே. 1983 ஜூலையில் எரிந்த கடைகளும் வீடுகளும் காலி வீதியில் எவையெவை எனச் சொல்லும் பலகை ஒன்றையும் நான் கண்டிலேன். ஆணைக்குழுக்கள் அழகியவற்றையே பெரிதும் பட்டியலிடும். வெட்கத்துக்குரியதும் ஒரு நகரின் மரபுரிமையே என்பதை ஏற்கும் துணிவு எந்த ஆணைக்குழுவுக்கு வரும் என்று நான் அறியேன்.

இனி என் குற்றத்தையும் கூறிவிட வேண்டும். நான் பிறந்து வளர்ந்தது வெள்ளவத்தையில், கடற்பக்க ஒழுங்கை ஒன்றிலுள்ள தொடர்மாடியில். 1995இன் இடப்பெயர்வின் பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் அம்மம்மாவும் பெற்றோரும் 1997இல் அங்கு குடிபுகுந்தனர். அத்தொடர்மாடி நிற்குமிடத்திலே முன்னர் ஒரு வீடு இருந்ததாம். சிவப்புச் சீமெந்துத் தரையும், நீண்ட விறாந்தையும், முற்றத்தில் ஒரு மாமரமும் இருந்தனவாம். உரிமையாளர் அதனை விற்றுவிட்டு வெளிநாடு சென்றார். கட்டுநர் இடித்தார். ஒரு குடும்பம் வாழ்ந்த நிலத்திற் பதினாறு குடும்பங்கள் வாழ இடம் பிறந்தது. அவற்றுள் ஒன்று எம்முடையது.

அவ்வீட்டை ஒரு மரபுரிமை ஆணைக்குழு காத்திருக்குமாயின் எமக்கு அங்கு இடம் இருந்திராது. பொலிஸ் பதிவுக்காகத் தங்குமிடச் சான்று தேடி அலைந்த அந்நாட்களில், ஒரு கூரையின் பெறுமதி அம்மம்மாவுக்கு நன்கு தெரியும். அவரிடம் சென்று, இடிக்கப்பட்ட விறாந்தையின் அழகினை நான் எம்முகத்தோடு எடுத்துரைப்பேன்? பிறருடைய செலவிற் போற்றப்படும் பழைமை எனக்கு அறமாகத் தோன்றவில்லை. ஒருவனிடம் அவன் வீட்டை இடியாதே எனக் கட்டளையிடும் ஆணைக்குழு, அவன் ஓட்டைக் கூரையை மாற்றும் செலவில் ஒரு பங்கைத் தானும் ஏற்க வேண்டும். அல்லாவிடின் நகரத்தின் கடனை ஒருவன் தலையிற் சுமத்துவதாக முடியும். ஆயினும் அவ்வீடு இருந்ததென்பதே எவருக்கும் தெரியாமற் போனமையும் எனக்கு ஒப்பவில்லை. கூரை வேண்டும் என்பதற்காக மறதியும் வேண்டும் என்று ஆகிவிடாது.

ஆகவே நான் வேண்டும் ஆணைக்குழு, பட்டியலும் தடையாணையும் மாத்திரம் வைத்திருக்கும் ஒன்றன்று. அரிதாய்ச் சிலவற்றை அது தடுக்கத்தான் வேண்டும். மீளக் கட்ட முடியாதனவும், அழிப்பவர்க்கு ஆதாயமன்றி வேறெவர்க்கும் பயன்தராதனவும் அச்சிலவற்றுள் அடங்கும். ஏனையவற்றுக்கு அது ஒரு தவணை கேட்கட்டும். இடிப்பதற்கு முன் மூன்று மாதம் போதும். அத்தவணையுள் அளந்து வரைதல், படம் பிடித்தல், அங்கு வாழ்ந்தோரையும் அயலவரையும் அவரவர் மொழியிற் கேட்டு எழுதுதல் ஆகியன நடைபெறட்டும். எழுதியதை வைக்க இடமும் தேட வேண்டியதில்லை. 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் தன் நூலகத்தோடு ஐம்பத்தேழாம் ஒழுங்கையில் இருக்கின்றது. ஆணைக்குழுவில் அமர்வோருள் ஒருவரேனும் அப்பகுதியில் வாடகைக்குக் குடியிருப்பவராக இருத்தலும் நன்று. உரிமையாளரும் அறிஞரும் பேசும் கூட்டத்தில் அவர் குரல் ஒருபோதும் கேட்பதில்லை.

எம் தொடர்மாடி நிற்கும் நிலத்தின் பழைய வீட்டைப் பற்றி, இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய பின்னரே நான் தேடினேன். எதிர்வீட்டு முதியவர் தம் பெட்டியைக் கிளறி ஒரு புகைப்படத்தை எடுத்துத் தந்தார். அவர் மகளின் பூப்பு நீராட்டு விழா நாளன்று ஒழுங்கையில் எடுத்த படம் அது. வீட்டைப் படம் பிடிக்க எவரும் எண்ணவில்லை. பெண்கள் தட்டமேந்தி நிற்க, அவர்தம் தோள்களுக்குப் பின்னால் விறாந்தைத் தூண் ஒன்றும், மாமரத்தின் ஒரு கிளையும், பாதி திறந்த படலையும் தெரிகின்றன.