செய்தேனா, செய்வித்தேனா?

ஒருவர் சொல்லாததை அவர் சொன்னதாகவும், செய்யாததை அவர் செய்ததாகவும் எழுதி வெளியிடுவது, அவரே கேட்டுக்கொண்டு அதற்கு ஊதியமும் கொடுத்திருந்தால், குற்றமாகாதா? இன்றைய வணிக உலகில் நாள்தோறும் நிகழும் ஒரு வழக்கம் இந்த வினாவை நம் முன் நிறுத்துகிறது. நிறுவனத் தலைவர்களுக்குச் சமூக ஊடகங்களில் பெயரும் புகழும் தேடித் தருவதையே தொழிலாகக் கொண்டவர்கள் பெருகியிருக்கின்றனர். தலைவரின் பெயரும் படமும் தாங்கிய பக்கத்தில், 'நான்' என்று தொடங்கும் வாசகங்களை வேறொருவர் எழுதுகிறார். படிப்பவரோ அதனைத் தலைவரின் சொல்லாகவே கொள்கிறார். வாய்மையைப் பெரிதென மதிக்கும் இல்லறத்தாருக்கு, அவருள்ளும் வணிகத்தால் வாழ்வோருக்கு, இஃது ஆராயத்தக்க பொருளாகும்.

இவ்வழக்கம் நடைபெறும் முறையை முதலில் காண்போம். 2003-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற லிங்க்டுஇன் என்னும் தளம் தொழில் செய்வோர் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கென அமைந்தது. பேஸ்புக்கும், பின்னர் எக்ஸ் எனப் பெயர் மாறிய ட்விட்டரும் இவ்வகைக்குப் பயன்படுகின்றன. நிறுவனத்தின் பெயரால் வரும் அறிவிப்பைக் காட்டிலும், ஒரு மனிதரின் பெயரால் வரும் சொல்லை மக்கள் விரும்பிப் படிக்கின்றனர். ஆகவே தலைவர் தாமே பேசுவது போன்ற தோற்றம் விலைமதிப்புடையதாயிற்று. இதற்கென அமர்த்தப்பெற்றவர் தலைவருடன் சிறிது நேரம் உரையாடுகிறார். அதைக் கொண்டு பல நாள்களுக்கு வேண்டிய பதிவுகளை எழுதி வைத்துக்கொள்கிறார். பக்கத்தின் கடவுச்சொல்லும் அவரிடமே இருப்பதுண்டு. வாழ்த்தியவருக்கு நன்றி கூறுவதும், இறந்தவருக்கு இரங்கல் தெரிவிப்பதும்கூடச் சில வேளைகளில் அவரே. அண்மையில், அந்த எழுத்து வேலையையும் செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைத்துவிடுவோர் உளர்.

இவை பெருநகரத்துச் செய்திகள், நமக்கென்ன என்று இருந்துவிட இயலாது. திண்டுக்கல் நகரின் பூட்டுத் தொழிலும் தோல் தொழிலும், வேடசந்தூர்ப் பகுதி நூற்பாலைகளும், ஒட்டன்சத்திரத்துக் காய்கறி வணிகமும் வெளியூர்க் கொள்முதலை நம்பி வாழ்பவை. நேரில் காணாத ஒருவரிடம் சரக்கு வாங்குபவர் அவருடைய பெயரையும் சொல்லையுமே முதலில் நோக்குவார். நூற்பாலை உரிமையாளர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். நூலின் தரமும் பஞ்சின் விலையும் அவருக்கு அத்துபடி. ஆனால் நான்கு வரி கோவையாக எழுத வாராது. அவர் பெயரால் ஓர் இளைஞர் எழுதுகிறார். 'பஞ்சு விலை ஏறியபோதும் நாங்கள் நூலின் தரத்தைக் குறைக்கவில்லை' என்பது ஒரு பதிவு. அது உரிமையாளர் சொன்னது, நடந்ததும் அதுவே, இளைஞர் நடையை மட்டும் செம்மை செய்தார். 'இன்று விடியற்காலை இரவுப் பணி முடித்து வந்த பெண்களோடு அமர்ந்து தேநீர் அருந்தினேன். அவர்களிடம் நான் கற்றது மிகுதி' என்பது மற்றொரு பதிவு. அன்று உரிமையாளர் ஊரிலேயே இல்லை. இரண்டையும் எழுதிய கை ஒன்றுதான். ஆயினும் இரண்டும் ஒன்றாகுமா?

'இதுவும் ஒருவகை விளம்பரந்தானே, விளம்பரத்தில் மிகைப்படச் சொல்வது உலக வழக்கு' என்பர் சிலர். தமிழ்நாட்டில் கடை முதலாளிகள் தம் விளம்பரங்களில் தாமே தோன்றுவது புதிதன்று. 2020-இல் மறைந்த வசந்த் அண்ட் கோ நிறுவனர் எச். வசந்தகுமாரின் முகம் அவர்தம் விளம்பரங்களால் வீடுதோறும் அறிமுகமாகியிருந்தது. லலிதா ஜுவல்லரியின் கிரண்குமார் தொலைக்காட்சியில் தாமே தோன்றிப் பேசுகிறார். ஆனால் விளம்பரம் தன்னை விளம்பரமென்றே அறிவித்துக்கொண்டு வருகிறது. அதன் வாசகத்தை எழுதியவர் யாராயினும், பேசுபவர் அதனைத் தம் வாயால் பேசுகிறார். பார்ப்பவரும் அதற்கேற்ற எச்சரிக்கையோடு பார்க்கிறார். தலைவரின் தனிப்பக்கமோ அந்த எச்சரிக்கையைக் களைந்துவிட்டு வரும்படி அழைக்கிறது. இது விற்பனைப் பேச்சன்று, என் உள்ளத்திலிருந்து வருவது என்னும் உறுதிமொழி அதன் 'நான்' என்ற சொல்லில் அடங்கியுள்ளது. படிப்பவரின் நம்பிக்கை அந்த உறுதிமொழியை ஒட்டியே பிறக்கிறது.

நம் முன்னோர் இதனை நுணுகி ஆராய்ந்திருக்கின்றனர் என்பது வியப்புக்குரியது. இல்லறத்தாரின் வாய்மை விரதத்துக்கு நேரக்கூடிய வழுக்கள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரம் வகுக்கிறது. அவற்றுள் ஒன்று கூடலேகக் கிரியை, அதாவது பொய்யெழுத்து. இதற்கு உரை கண்ட பூஜ்யபாதர், பிறர் ஏவுதலால், ஒருவர் சொல்லாததைச் சொன்னதாகவும் செய்யாததைச் செய்ததாகவும் ஏமாற்றும் நோக்கத்தோடு எழுதுதல் என்று இதன் பொருளை விளக்குகிறார். கணினியும் கைப்பேசியும் இல்லாத காலத்தில் தரப்பெற்ற இவ்விளக்கம் நாம் ஆராயும் செயலுக்கு அப்படியே பொருந்துகிறது. இதில் கருதத்தக்கவை இரண்டு. சொல்லாதது அல்லது செய்யாதது என்பது ஒன்று; ஏமாற்றும் நோக்கம் என்பது மற்றொன்று. பிறருக்காக எழுதுதல் குற்றம் என்று அவர் கூறவில்லை. ஆகவே, தரத்தைப் பற்றிய முதற்பதிவு வழுவாகாது. தேநீரைப் பற்றிய பதிவு வழுவே. ஏவியவர் இருக்கிறார் என்பது எழுதியவரைக் காப்பதில்லை என்பதும் இவ்விளக்கத்தால் பெறப்படும்.

'அரசர்களுக்கு எழுதுவதற்கு ஆள் இல்லையா?' என்று கேட்கலாம். இருந்தனர். சோழ அரசர்களின் ஆணைகளை எழுதுவதற்குத் திருமந்திர ஓலை என்னும் அலுவலர் இருந்தார். அரசன் வாய்மொழியாகக் கூறிய ஆணையை அவர் எழுதுவார். திருமந்திர ஓலை நாயகம் என்னும் மேலலுவலர் அதனை ஒப்புநோக்குவார். ஆனைமங்கலம் செப்பேடு என வழங்கும் இராசராசனின் கொடை ஆவணத்தில் இம்முறையை விரிவாகக் காணலாம். இங்கு நோக்கத்தக்கது யாதெனின், எழுதியவரும் ஒப்பிட்டவரும் மறைக்கப்படவில்லை என்பதே. அரசன் சொன்னது, அலுவலர் எழுதியது என்னும் வேறுபாட்டை ஆவணமே உலகறியக் கூறுகிறது. எழுதுவோர் இருந்தமையால் அரசனின் சொல் பொய்யாகிவிடவில்லை; அவன் சொன்ன பிறகே அவர்கள் எழுதினர்.

தமிழ்மொழி இவ்வேறுபாட்டைக் குறிப்பதற்கு ஒரு சிறு கருவியையே படைத்து வைத்திருக்கிறது. 'செய்தான்' என்பது தன்வினை. 'செய்வித்தான்' என்பது பிறவினை. இடையில் நிற்கும் 'வி' என்னும் ஓர் எழுத்து, வேறொருவர் கை அங்கே உழைத்தது என்பதை ஒப்புக்கொள்கிறது. சமணர்மலை, கழுகுமலை முதலிய இடங்களில் தீர்த்தங்கரர் உருவங்களின் அருகே பொறிக்கப்பெற்ற குறுங்கல்வெட்டுகள் 'செய்வித்த' என்றே கூறுகின்றன. பொருள் கொடுத்தவர் தம்மைச் சிற்பி என்று சொல்லிக்கொள்ளவில்லை.

நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே, பழநிக்கு மேற்கே உள்ள ஐவர்மலையில் இதற்கோர் அரிய சான்று உண்டு. சக ஆண்டு 792, அதாவது பொ.ஆ. 870-இல், பாண்டியன் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டில் அமைந்த கல்வெட்டு அது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கரான சாந்திவீரக் குரவர், பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியர் திருவுருவங்களையும் புதுக்கி, படையலுக்கும் ஓர் அடிகளின் உணவுக்கும் 505 காணம் பொன் அமைத்ததாக அது தெரிவிக்கிறது. ஆசிரியரின் பெயர் முன்னே வருகிறது; மாணாக்கர் செய்தது புதுப்பித்தல் என்று மட்டுமே சொல்லப்படுகிறது; தொகையும் ஐந்நூற்றுக்கு மேல் ஐந்து என்று அளவாகக் கூறப்படுகிறது. தலைவர் பெயரால் எழுதப்படும் ஒரு பக்கம் இவ்வளவு அடக்கத்தோடும் இவ்வளவு துல்லியத்தோடும் இருக்குமாயின், அதில் நாம் குறைகாண ஏதுமில்லை.

'செய்வித்தேன்' என்பதனால் பெருமை குறைகிறது, பொறுப்போ குறைவதில்லை. மனம், மொழி, மெய் ஆகிய மூன்றாலும் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்று வழியிலும் வினை வந்து பற்றும் என்பது சமண அறத்தின் அடிப்படை. 'அதை நான் எழுதவில்லை, என் அலுவலகத்தார் எழுதினர்' என்று தலைவர் விலகிக்கொள்ள இடமில்லை. படித்துப் பாராமலே ஒப்புதல் தந்திருந்தாலும் அது உடன்படுதலே. நாட்டுச் சட்டங்களும் மெல்ல மெல்ல இவ்வழிக்கே வந்து சேர்கின்றன. அமெரிக்காவில் நெட்ஃபிளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் 2012 ஜூலையில் தம் பேஸ்புக் பக்கத்தில் நிறுவனம் பற்றிய ஒரு புள்ளிவிவரத்தை வெளியிட்டது விசாரணைக்கு உள்ளாயிற்று. முதலீட்டாளருக்கு முன்கூட்டியே தெரிவித்திருந்தால் இத்தகைய பக்கங்களிலும் நிறுவனச் செய்திகளை வெளியிடலாம் என்று அந்நாட்டுப் பங்குச்சந்தை ஆணையம் 2013 ஏப்ரலில் விளக்கியது. 2018 ஆகஸ்டில் டெஸ்லா தலைவர் எலான் மஸ்க், நிறுவனத்தைப் பங்குச்சந்தையிலிருந்து விலக்கித் தனியார் நிறுவனமாக்குவதற்குப் பணம் உறுதியாகிவிட்டதாக ட்விட்டரில் எழுதிய சில சொற்களுக்காக, அவரும் நிறுவனமும் தனித்தனியே 2 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது. இயக்குநர் குழுத் தலைவர் பதவியையும் அவர் விட்டு விலகினார். பக்கத்தில் வரும் சொல் காற்றோடு போவதன்று என்பதற்கு இவை போதும்.

பொய்ப்பதிவினால் யாருக்குத் தீங்கு என்ற வினா எஞ்சி நிற்கிறது. கொள்முதல் செய்பவர் ஏமாறலாம். ஆயினும் அவர் தொலைவில் இருக்கிறார். மிகுதியாகப் புண்படுபவர் அருகில் இருப்பவரே. முதலாளி தம்மோடு தேநீர் அருந்தினார் என்பதை அந்த ஆலையில் பணிபுரியும் பெண் கைப்பேசியில் படிக்கிறாள். அது நிகழவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவளுடைய உழைப்போடு, அவள் பெறாத அன்பும் இப்போது விற்பனைக்கு வந்துவிட்டது. இதனைக் கள்ளாமைக்கு மாறானது என்று கூறினும் தகும்.

திண்டுக்கல் பெயரால் உலகம் அறிந்த ஓர் ஆவணத்தை இவ்விடத்தில் நினைவுகூர்தல் பொருந்தும். 2021 ஜனவரியில் இப்பகுதி ஆடைத் தொழிற்சாலையைச் சேர்ந்த இளம் பெண் தொழிலாளி ஒருவர் கொலையுண்டார். அதனைத் தொடர்ந்து, பெண் தொழிலாளர் மீதான வன்முறையையும் துன்புறுத்தலையும் தடுப்பதற்கென 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் உருவாயிற்று. பெண்களின் தலைமையில் இயங்கும் தொழிற்சங்கமும், ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும், எச் அண்ட் எம் என்னும் பன்னாட்டு ஆடை நிறுவனமும், தொழிலாளர் உரிமை அமைப்புகளும் இதில் இடம்பெற்றன. ஒப்பந்தத்தில் அழகிய நடை இருப்பதில்லை. ஆனால் அதில் உள்ள சொல்லைக் காட்டி, 'இதைச் செய்தீரா?' என்று தொழிலாளி கேட்க முடியும். கையொப்பமிட்டவர் விடை கூறியாக வேண்டும். தலைவரின் பக்கத்தில் வரும் சொல்லுக்கும் இதுவே உரைகல்லாக வேண்டும். அதனைக் கையில் பிடித்துக்கொண்டு கடைநிலை ஊழியர் வந்து கேட்டால், நாணாமல் நின்று விடை சொல்ல இயலுமா?

புகழப்படுபவருக்கும் தீங்கு உண்டு. தன்னைத்தான் புகழ்தலும், இல்லாத குணத்தை உள்ளதாகக் காட்டுதலும் உயிரைக் கீழ்நிலைக்கு இழுக்கும் என்பர் பெரியோர். பிறர் எழுதிய புகழுரையை நாள்தோறும் படிப்பவர், காலப்போக்கில் அதனைத் தம் உண்மை உருவமென்றே நம்பிவிடுகிறார். தம் குறையை எடுத்துச் சொல்பவர் அவருக்குப் பகைவராகத் தோன்றுகிறார். செருக்கு என்னும் மானமும் வஞ்சம் என்னும் மாயையும் ஒன்றையொன்று வளர்ப்பதற்கு இதனினும் எளிய வழி வேண்டுவதில்லை.

எழுதும் இளைஞரை நாம் வெறுத்தொதுக்க வேண்டியதில்லை. படித்து முடித்து வேலை தேடுவோருக்கு இஃதொரு பிழைப்பு. பிறர் கருத்தைத் தெளிவாக எழுதித் தருவது மதிக்கத்தக்க தொழிலுங்கூட. அவர் காக்க வேண்டிய எல்லை ஒன்றுண்டு. கேட்டதை எழுதலாம், கேளாததைக் கற்பிக்கலாகாது. தலைவர் கண்டதைக் கண்டதாக எழுதலாம். காணாததைக் காணச் செய்யலாகாது. நன்றியும் இரங்கலும் மன்னிப்பும் ஒருவர் தாமே கூற வேண்டியவை. அவற்றைக் கூலிக்கு எழுதித் தருதல் கூடாது. இவ்வளவையும் முதல் நாளிலேயே சொல்லிவிட்டு வேலை ஏற்பதில் சில வாய்ப்புகள் கைநழுவக்கூடும். அதற்குத் துணிவு வேண்டும்.

தொழில் நடத்தும் அன்பர்கள் செய்யத்தக்கதும் எளியதே. எழுத நேரமில்லையெனில், 'எங்கள் அலுவலகத்தார் எழுதுவது' என்று பக்கத்தின் தலைப்பிலேயே ஒரு வரி இட்டுவிடலாம். தாமே எழுத விரும்பினால், மாதத்துக்கு ஒருமுறை, பிழைகளோடேனும் நான்கு வரி எழுதலாம். பிறர் எழுதியதை முழுவதும் படித்துப் பார்த்த பின்னரே வெளியிட ஒப்பலாம். திண்டுக்கல் பூட்டு வாங்குபவர் அதன் சாவியை முன்பின் அறியாதவரிடம் கொடுத்துவிட்டு உறங்கச் செல்வதில்லை. தம் பெயருக்கும் வாய்மைக்கும் அந்த அளவு காவலேனும் வேண்டுமன்றோ? பதிவு ஒவ்வொன்றையும் வெளியிடுமுன், 'இது நான் செய்ததா, செய்வித்ததா, செய்யவே செய்யாததா?' என்று ஒரு கணம் கேட்டுக்கொள்வோமாக. முன்னிரண்டையும் உள்ளவாறே சொல்லலாம். மூன்றாவதை எழுதாமலே விட்டுவிடுவோமாக.