குறைத்த எட்டாயிரம் எங்கே போகிறது?

ஷோரூமில் கட்டிலின் மேல் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டோடு யாரும் வாதாடுவதில்லை. அதே ஆள் திருவொற்றியூரில் ஒரு மரப்பட்டறை வாசலில் நின்று, "அண்ணே, கொஞ்சம் பாத்து போட்டுக் குடுங்கண்ணே" என்கிறார். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: கார்பென்டர் நாற்பதாயிரம் சொல்கிறார், இவர் முப்பதுக்குக் கேட்கிறார், முப்பத்திரண்டில் முடிகிறது. வீட்டுக்கு வந்து எட்டாயிரம் மிச்சம் என்று சொல்லிக்கொள்கிறோம். அந்த எட்டாயிரம் எங்கிருந்து வந்தது?

கார்பென்டரின் லாபத்திலிருந்து என்று சொல்லலாம். சில சமயம் அப்படித்தான். பேரம் பேசுவார்கள் என்று தெரிந்தே ஏற்றிச் சொல்லியிருப்பார். அப்போது இது வெறும் சடங்கு. ஆனால் அவர் ஏற்றிச் சொன்னது இரண்டாயிரம் மட்டும்தான் என்றால்? மரத்தை டிப்போவில் கன அடிக் கணக்கில் வாங்க வேண்டும், நமக்காக அங்கே விலை இறங்காது. கூட நிற்கும் பையனுக்குத் தினக்கூலி. பாலிஷ்காரருக்குத் தனி. மிச்சம் ஆறாயிரத்தை நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் குறைக்க முடியும்.

அப்படிப்பட்ட இடங்கள் நிறைய. தேக்கில் நடுவே இருப்பது வைரம், பட்டையை ஒட்டி இருப்பது வெள்ளை. வெள்ளையைப் பூச்சி அரிக்கும். கலர் ஏத்தி பாலிஷ் போட்டுட்டா ரெண்டும் ஒண்ணுதான். காலில் துளை எடுத்து, சட்டத்தில் கழுந்து செதுக்கி, இறுக்கி மாட்ட நேரம் பிடிக்கும். பசை தடவி ஆணி அடிக்கக் கொஞ்ச நேரம் போதும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மூட்டு. அலமாரியின் முதுகுக்குத் தண்ணீர் தாங்கும் 710 பிளைவுட் என்று பேசியிருப்போம். மைக்கா ஒட்டிய பிறகு உள்ளே இருப்பது சாதா 303ஆ என்று யார் உரித்துப் பார்க்கப் போகிறார்கள்?

பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லோஃப் 1970இல் பழைய கார் சந்தையை வைத்து இந்தச் சிக்கலைத்தான் எழுதினார். வாங்குபவருக்குத் தரம் தெரியாதபோது, சுமாரான பொருளுக்கு உரிய விலையைத்தான் தருவார். அந்த விலை நல்ல பொருள் வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகாது, அவர் சந்தையை விட்டு விலகிவிடுவார். கார்க்காரர் காரை விற்காமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். நம் கார்பென்டருக்கு அந்த வசதி கிடையாது, அட்வான்ஸ் வாங்கியாச்சு. அவர் விலகுவதில்லை, மட்டமான பொருளைத் தன் கையாலேயே செய்கிறார்.

எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். கூலியைக் குறைத்துக் கொடுப்பது ஒரு அநியாயம், அது தெரிந்த அநியாயம். கழுந்து செதுக்கத் தெரிந்தவரை ஆணி அடிக்க வைத்து, அதை மறைக்கவும் வைப்பது வேறு. பொய்யை அவர்தான் சொல்கிறார், சரி. ஆர்டர் கொடுத்தது யார்?

"கட்டுப்படியாகாதுன்னா முடியாதுன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. முடியாது என்று சொல்ல அடுத்த ஆர்டர் கையில் இருக்க வேண்டும். பேரம் பேசுபவரும் பெரும்பாலும் பணக்காரர் இல்லை, துறைமுகத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்த்து மகள் கல்யாணத்துக்குக் கட்டில் செய்பவராக இருக்கலாம். இரண்டு பேருக்கும் இடமில்லாத ஒரு மூலையில்தான் இந்தப் பொய் பிறக்கிறது.

இந்தப் பக்கத்தில் கடல் அதை ரொம்ப நாள் விட்டு வைக்காது. எண்ணூர், காசிமேடு உப்புக்காற்றில் ஆணி சீக்கிரம் துருவேறும், மூட்டு ஆடத் தொடங்கும். சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன், தூரத்தில் நின்ற கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தது மசூலா படகு. ஆணியே இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது, அலை மோதும்போது வளைந்து கொடுக்க வேண்டும் என்பதற்காக. கட்டுமரமும் பெயரிலேயே சொல்வதுபோலக் கட்டியதுதான். கடலுக்குப் போகிறவர் தன் உயிரைத் தாங்கும் முடிச்சைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம். கட்டிலில் படுப்பவருக்கு அந்த வசதி இல்லை, கார்பென்டரின் வார்த்தைதான் இருக்கிறது.

அப்போ பேரமே பேசக் கூடாதா? பேசலாம், ரேட்டை விட்டுவிட்டுப் பொருளைப் பற்றிப் பேசலாம். "எங்கிட்ட முப்பத்திரண்டுதான் இருக்குண்ணே, எதைக் குறைக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சே மாறும். தலைமாட்டுச் செதுக்கு வேணாம், அடியில் டிராயர் வேணாம் என்று அவரே சொல்வார். தேக்கே வேணாம் என்றும் சொல்லலாம். துறைமுகத்துக்கு இயந்திரங்களைச் சுமந்து வந்த பெட்டிகளைப் பிரித்த பைன் பலகை இருக்கிறது. 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கியதற்கு அடையாளமாகக் கோதுமைக் கதிர் முத்திரையும் எச்.டி. என்ற எழுத்தும் அதில் இருக்கும். தேக்கின் ஆயுள் அதற்குக் கிடையாது. "கலர் ஏத்தி தேக்கு மாதிரி பண்ணிடவா?" என்று அவர் பழக்கத்தில் கேட்பார். வேணாண்ணே, அந்த முத்திரையோட அப்படியே விட்டுடுங்க.