பழையதற்கு விசுவாசம்

திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டின் அடையாளம் எளிய விஷயம். உள்ளே எதை மாற்றினாலும் பழைய சாவி திறந்தால் அது அதே பூட்டு. மர அறுவை மில்லில் கழித்துப்போட்ட பழைய பிளேனருக்கு அப்படிச் சாவி ஏதுமில்லை.

எடைக்கு வாங்கலாம். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துருவைத் தேய்க்கலாம். பேரிங்கின் ஒயிட் மெட்டலை உருக்கி, கரி பிடித்த தண்டைச் சுற்றி மறுபடி வார்க்கலாம். காசில்லாதவனுக்கு வசதி, உலோகமும் பழையதே. பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய தீசியஸின் கப்பல் அதே கப்பல்தானா என்பது புளூட்டார்க் குறித்துவைத்த தர்க்கம். அதில் கப்பலைப் பற்றித்தான் கேள்வி. ஏறியவனைப் பற்றி இல்லை.

பிளேனர் அப்படி விடாது. அந்தக் காலத்து இயந்திரங்களில் கத்தி பூட்டிய தலை சதுரம். மேசைக்கும் அதற்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் விரல் இறங்கினால் போயிற்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் உருண்டைத் தலை பரவியது இந்த ஆபத்தைக் குறைக்கத்தான். இருந்தும், அசல் என்று சதுரத்தையே காப்பாற்றுகிறவர்கள் உண்டு, செலவும் மிச்சம். சேகரிப்பவனுக்கு அது அசல். கூலிக்குப் பலகை தள்ளுகிறவனுக்கு?

பிறர் விரலைப் பணயம் வைக்கிற விசுவாசத்தை விசுவாசம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. தலை மாறிய பின்னும் அது அதே இயந்திரம்தானா என்பதை, பத்து விரலோடு வீடு திரும்புகிறவன் சொல்லட்டும்.