கரை யாருக்குச் சொந்தம்?

கண்ணமங்கலத்தில் நாகநதிக் கரையோரமாக ஒரு பழைய வீட்டைக் கிரயம் வாங்கினேன். ஓடுகள் சரிந்து, உத்தரத்தைக் கறையான் அரித்து, பார்த்தவர்கள் எல்லாரும் ‘வேண்டாம்’ என்று சொன்ன வீடு. கூடத்தில் ஒரு தறிக்குழி இருந்தது. பட்டு நெய்து பிழைத்த குடும்பம் ஊரைவிட்டுப் போனபின் அதில் குப்பைதான் நிறைந்திருந்தது. ஆனாலும் கொல்லைக் கதவைத் திறந்தால் எதிரே ஆறு. அந்தக் கதவுக்காகவே வாங்கினேன்.

செப்பனிடும் வேலை தொடங்கியது. சுவரில் ஏறியிருந்த ஈரத்தைச் சிமெண்டுப் பூச்சால் மறைத்துவிடலாம் என்றார் கொத்தனார். பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். சில ஆண்டுகளில் பூச்சு பெயர்ந்து விழும். மறைப்பது வேறு, சீர்செய்வது வேறு. சுண்ணாம்பே பூசச் சொன்னேன். அப்படிச் சொன்னதில் எனக்குச் சற்றுக் கர்வம்கூட உண்டாயிற்று. மறுவாரமே அந்தக் கர்வத்துக்குச் சோதனை வந்தது.

நிலத்தை அளந்தபோது, கொல்லை மதிலுக்குள் பன்னிரண்டு அடி ஆற்றுப் புறம்போக்கு என்று தெரிந்தது. முன்பு இருந்தவர் யாரோ மதிலைத் தள்ளிக் கட்டியிருக்கிறார்.

“அப்படியே விட்டுடுங்க சார். அதுல ஒரு ரூம் போட்டா ஆத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்து எழுதலாம். தண்ணியே வராத ஆறுதானே?” என்றார் கொத்தனார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்த அறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம் வைப்பது என்றுதான் முதலில் யோசித்தேன். பிறகுதான் மனச்சாட்சி விழித்தது. அதற்கும் சமாதானம் சொல்ல என்னிடம் வார்த்தைகள் இருந்தன. ஆக்கிரமித்தவன் நானல்ல, பணம் கொடுத்து வாங்கியவன். ஆறோ வறண்டு கிடக்கிறது. பன்னிரண்டு அடியில் அதற்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

இந்தச் சமாதானங்களைச் சற்று உரசிப் பார்ப்போம்.

ஆறுகளின் படுகை அரசின் உடைமை என்று 1905ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. விற்றவருக்கு இல்லாத உரிமை என் பணத்தால் எப்படிப் பிறக்கும்? கொச்சிக்கு அருகே மரடில், நீர்க்கரையில் விதியை மீறி எழுந்த நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை உச்ச நீதிமன்ற ஆணைப்படி 2020 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அங்கே வீடு வாங்கியவர்களும் பணம் கொடுத்தவர்கள்தாம்.

வறண்ட ஆறு என்பது இன்னொரு சமாதானம். உறங்குகிறவனின் பாயை உருவினால் அது திருட்டு இல்லையா? இதே நாகநதியை மீட்பதற்காக வேலூர், திருவண்ணாமலை மாவட்டப் பெண்கள் தடுப்பணைகள் கட்டினார்கள். மழைநீர் மண்ணுக்குள் இறங்கக் கிணறுகள் அமைத்தார்கள். 2021இல் பிரதமரின் வானொலி உரையிலும் அவர்கள் உழைப்பு பேசப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்ததை இந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். நதிக்கு ஞாபகம் அதிகம். அந்தப் பெண்கள் மண் சுமந்து வரவழைக்கும் நீருக்கு எதிரில் நான் அறை கட்டி வைப்பதா?

பன்னிரண்டு அடிதானே என்ற கடைசிச் சமாதானத்தை எதிர்வீட்டு நெசவாளிப் பெரியவரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் தறியைவிட்டு எழாமலே சொன்னார்: “சேலைக்கும் கரை, ஆத்துக்கும் கரை. கரையில நாலு இழையை உருவிட்டா மத்ததும் நிக்குமா தம்பி?”

மதிலை இடித்து உள்ளே தள்ளிக் கட்டினோம். எதிர்பாராத செலவு. “ஊரே கட்டியிருக்கு, நாம மட்டும் இடிக்கணுமாங்க?” என்று மனைவி கேட்டாள். அவளுக்குச் சொல்ல இன்னும் நல்ல விடை கிடைக்கவில்லை. பக்கத்து மதில்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. என் பன்னிரண்டு அடியால் நதி பிழைத்துவிடும் என்று நானும் நம்பவில்லை. ஆனால் பிறர் திருப்பித் தரவில்லை என்பதற்காக, என் கையில் இருப்பது என்னுடையதாகிவிடுமா?

தறிக்குழியைத் தூர்த்து அந்த மூலையில் எழுதும் மேசையைப் போட்டிருக்கிறேன். கொல்லைக் கதவைத் திறந்து வைத்தால் ஆறு தெரிகிறது. கூச்சமில்லாமல் அதைப் பார்க்க முடிகிறது.