காலமும் கருணையும்

திதி, வாரம், நக்ஷத்திரம், யோகம், கரணம் என்னும் ஐந்து அங்கங்களை உடையதாதலின் பஞ்சாங்கம் என்று பெயர் வந்தது. சூரியனை விட்டுச் சந்திரன் 12 பாகை விலகும் காலம் ஒரு திதி. அதிற் பாதி ஒரு கரணம். 27 நக்ஷத்திரங்களுள் சந்திரன் நிற்கும் இடம் அன்றைய நக்ஷத்திரம். சூரிய சந்திரர்களின் ஸ்புடங்களைக் கூட்டிக் காண்பது யோகம். சந்திரனுடைய கதி ஒரே சீராக இராமையால், திதி 60 நாழிகைக்கு ஏறியும் குறைந்தும் வரும். ராகுகாலமோ இவ்வைந்து அங்கங்களுள் ஒன்றன்று. பகற்பொழுதை எட்டாகப் பகுத்து, அவற்றுள் ஒன்றைக் கிழமைக்கேற்பக் கொள்வதே அது.

நோயுற்றவனை மருத்துவரிடம் கொண்டு செல்ல வண்டி வாசலில் நிற்கிறது. "ராகுகாலம் கழியட்டும்" என்று வீட்டார் காத்திருக்கின்றனர். இது சாஸ்திரத்தில் வைத்த நம்பிக்கையா, அன்றி அச்சமா?

ஸ்ரீமத் ராமாயணம் இதற்கு இரண்டு இடங்களில் விடை தருகிறது. தசரத சக்கரவர்த்தி பெருமாளின் பட்டாபிஷேகத்திற்குப் புஷ்ய நக்ஷத்திரம் கூடிய நன்னாளைத் தேர்ந்தான். அந்நாளிலேயே பெருமாள் வனம் புறப்பட நேர்ந்தது. நாள் நன்றாயிருந்தும் எண்ணிய காரியம் கைகூடவில்லை. பின்னர்க் கடற்கரையில் விபீஷணாழ்வான் சரணம் புகுந்தபோது, தகாத இடத்தில் தகாத வேளையில் வந்தவன் என்று ஜாம்பவான் ஐயுற்றான். இதுவே தக்க இடமும் தக்க காலமும் என்று திருவடி மறுமொழி கூறினான். பெருமாளும் அபயம் அளித்தருளினார். அங்கே நாழிகை பார்க்கப்படவில்லை. வந்தவனுடைய ஆர்த்தியே பார்க்கப்பட்டது.

பிரபத்திக்குத் தேச நியமமும் கால நியமமும் இல்லை என்று பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் அறுதியிட்டருளியதும் இதுபற்றியே.

ஆயின் பஞ்சாங்கம் வேண்டாவோ எனின், வேண்டும். ஏகாதசியில் உபவாஸமிருந்து துவாதசியில் பாரணை செய்வதற்கும், பெருமாளின் திருநக்ஷத்திரத்தையும் உத்ஸவத்தையும் அறிவதற்கும், பித்ருக்களுக்குரிய திதியைத் தவறவிடாமைக்கும் அதுவே துணை. நித்ய கர்மங்களில் ஸங்கல்பம் செய்பவன் வருஷம், அயனம், ருது, மாஸம், பக்ஷம், திதி என்று சொல்லித் தொடங்குவது, தான் செய்யும் செயலைக் காலரூபியான பகவானிடத்தில் ஒப்படைப்பதற்கேயாம். விவாஹம், கிருஹப்பிரவேசம் முதலியவற்றுக்கு முகூர்த்தம் பார்ப்பதிலும் ஒரு நன்மை உண்டு. ஆசையினால் விரைகிற மனம் சற்றே நின்று, பெரியோரைக் கேட்டு, அடங்கக் கற்கிறது.

ஆகவே கால நியமம் நம் விருப்பங்களை அடக்க வந்தது. நம் கருணையைத் தடுக்க வந்ததன்று. தனக்கொரு லாபத்தைத் தொடங்குபவன் நல்ல வேளைக்குக் காத்திருக்கலாம். பசித்தவனுக்கு அன்னமும் நோயாளிக்கு உதவியும் காத்திருத்தலாகா. உத்ஸவத்தை ஸேவித்து மீளும் அன்பர்கள் இல்லத்தில் தினமும் பஞ்சாங்கத்தைப் பார்க்கட்டும். ஆனால் வாசலில் ஒருவன் துயருற்று நின்றால், அதனை மூடிவைத்து எழுந்து செல்லட்டும். அந்த வேளையே ஸுமுகூர்த்தம்.